நெல்லை அளவுகோலாக்கும் பண்டமாற்றுச் சங்கம்

2022ஆம் ஆண்டில் ரூபாயின் மதிப்புச் சரிந்தபோது, கமக்காரரின் கையிலும் காசு சுருங்கிற்று. ஆயினும் தோட்டத்தில் கத்தரி காய்த்தது. திருக்கோவிலில் நெல்லும் காய்கறியும் உண்டு. கரையில் மீன் உண்டு. வடக்கே மருதமுனை கைத்தறிக்குப் பெயர்பெற்ற ஊர். இவற்றை மாற்றிக்கொள்ளப் பத்துக் குடும்பங்கள் கூடினாலே போதும்.

ஈரப்பதன் நூற்றுக்கு 14க்கு மேற்படாத ஒரு கிலோ நெல்லை ஓர் அலகாகக் கொள்க. ஈரநெல் அளப்பவர் தண்ணீரைக் கொடுத்துத் துணி வாங்குபவராவார்! காய்கறியின் அலகை வாரந்தோறும் கூடித் தீர்மானிக்க. பாய்க்கும் துணிக்கும் மூலப்பொருளோடு வேலைநாளையும் கணக்கிடல் வேண்டும். பெண்களின் கைவேலையை மலிவாக மதித்தால், பாய் சங்கத்துக்கு வாராது, சந்தைக்கே போகும்.

கீரை மாலைக்குள் வாடும். உலர்ந்த நெல்லோ மாதக்கணக்கில் கிடக்கும். ஆதலால் கீரை கொணர்ந்தவருக்கு அன்றே ஈடு கொடுக்க இயலாதாயின், கைப்புத்தகத்தில் வரவெழுதிப் பெரும்போக அறுவடையின் பின் நெல்லாகக் கொடுக்கலாம். வெள்ளம் வந்தால் நெல்லும் வாராது என்பதை நினைந்து, எவரும் 30 அலகுக்கு மேற் கடன்படாதவாறு வரம்பிடுக.

சங்கத்தைப் பதிவுசெய்யும் முறையைக் கூட்டுறவு அபிவிருத்தி அலுவலரிடம் கேட்டறிக. முதலில் வாங்கவேண்டிய பொதுப்பொருள், முத்திரையிட்ட தராசு ஒன்றே.