மக்கும் பலபடிச் சுமப்பிகளில் தங்க நானோ துகள்கள்

தங்க நானோ துகள்களை மக்கும் பலபடியால் ஆன நானோ சுமப்பிகளுக்குள் பதித்தல் என்பது, மருந்து சுமந்து செல்லும் மிகச்சிறிய உருண்டைகள் செல்லுக்குள் எங்கே செல்கின்றன என்பதை நுண்ணோக்கியில் காண உதவும் ஒரு முறையாகும். இதில் பலபடி மருந்தைச் சுமக்கிறது. தங்கம் அதன் இருப்பிடத்தைக் காட்டும் அடையாளமாகிறது.

தேவை

நானோ சுமப்பிகள் பெரும்பாலும் 100 முதல் 300 நானோமீட்டர் வரை விட்டம் கொண்டவை. ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. பலபடியும் செல்லைப் போலவே கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகிய இலேசான தனிமங்களால் ஆனது. எனவே எலக்ட்ரான் நுண்ணோக்கியில் சுமப்பியைச் செல்லின் பிற பகுதிகளிலிருந்து பிரித்தறிவது கடினம்.

இதற்காகச் சுமப்பியில் ஒளிரும் சாயம் ஏற்றுவது வழக்கம். ஆனால் சாயம் சுமப்பியிலிருந்து கசிந்து தானாகவே செல்லுக்குள் நுழையக்கூடும். அப்போது செல் ஒளிர்வதைக் கண்டு, சுமப்பியே உள்ளே சென்றுவிட்டதாகத் தவறான முடிவுக்கு வர நேரிடும். மேலும், தொடர்ந்து ஒளி பட்டால் சாயம் மங்கிவிடும்.

தங்கத்தின் சிறப்பு

தங்கத்தின் அணு எண் 79. அதன் கனமான அணுக்கள் எலக்ட்ரான்களை வலுவாகச் சிதறடிப்பதால், எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தில் தங்கத் துகள்கள் கரும்புள்ளிகளாகத் தெளிவாகத் தெரியும். அவை திண்மத் துகள்கள் என்பதால் சாய மூலக்கூறுகளைப் போல எளிதில் கசிவதில்லை, ஒளியில் மங்குவதுமில்லை.

நீரில் பரவிய தங்க நானோ துகள்கள் மாணிக்கச் சிவப்பாகத் தோன்றும். இத்தகைய கூழ்மங்களை மைக்கேல் பாரடே 1857-ல் ஆராய்ந்தார். நிறத்திற்கான கணித விளக்கத்தை குஸ்தாவ் மீ 1908-ல் அளித்தார். துகளின் மேற்பரப்பு எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து அலைவதே நிறத்திற்குக் காரணம். சுமார் 20 நானோமீட்டர் அளவுள்ள துகள்கள் 520 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய பச்சை ஒளியை மிகுதியாக உறிஞ்சுகின்றன.

பலபடி

லாக்டிக் அமிலமும் கிளைகாலிக் அமிலமும் இணைந்து உருவாகும் பி.எல்.ஜி.ஏ. என்ற பலபடி பரவலாகப் பயன்படுகிறது. உடலில் நீராற்பகுப்படைந்து, இது மீண்டும் அவ்விரு அமிலங்களாகப் பிரிகிறது. அவற்றை உடல் பெரும்பாலும் கார்பன் டைஆக்சைடாகவும் நீராகவும் மாற்றி வெளியேற்றுகிறது.

தயாரிக்கும் முறை

1. தங்கத் துகள்களின் மேற்பரப்பில் தயோல் மூலக்கூறுகள் பூசப்படுகின்றன. இதனால் அவை நீரை விலக்கி, கரிமக் கரைப்பானில் பரவும் தன்மை பெறுகின்றன. இதற்கான முறையை பிரஸ்ட், ஷிஃப்ரின் குழுவினர் 1994-ல் வெளியிட்டனர்.
2. பலபடியும் தங்கத் துகள்களும் டைகுளோரோமீத்தேன் போன்ற கரைப்பானில் ஒன்றாகக் கலக்கப்படுகின்றன.
3. இக்கலவை, பாலிவினைல் ஆல்கஹால் கலந்த நீரில் மீயொலி அலைகளின் உதவியால் நுண்துளிகளாகச் சிதறடிக்கப்பட்டு, பால்மம் ஆகிறது.
4. கரைப்பான் ஆவியாகும்போது ஒவ்வொரு துளியும் திண்ம உருண்டையாகிறது. தங்கம் அதனுள் சிக்கிக்கொள்கிறது.
5. மைய விலக்குக் கருவியில் சுழற்றி, உருண்டைகள் பிரித்துக் கழுவப்படுகின்றன.

பூச்சு இல்லாவிட்டால், நீர் விரும்பும் தங்கத் துகள்கள் பலபடிக்குள் தங்காமல் நீருக்குள் நழுவிவிடும்.

செல்லுக்குள் காணுதல்

செல் தன் சவ்வை உட்குழித்துச் சுமப்பியை விழுங்குகிறது. அது எண்டோசோம் பைகள் வழியே லைசோசோமை அடைகிறது. செல்களைப் பதப்படுத்தி, மெல்லிய சீவல்களாக வெட்டி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், எந்தப் பையில் தங்கம் உள்ளது என்பது தெரியும். உயிருள்ள செல்களில், சிதறும் ஒளியை இருள்புல நுண்ணோக்கியால் காணலாம். செல்களைக் கரைத்து, நிறை நிரலியல் மூலம் தங்கத்தின் மொத்த அளவையும் கணக்கிடலாம்.

வரம்புகள்

பலபடி மக்கினாலும் தங்கம் மக்காது. பெரிய துகள்கள் கல்லீரலிலும் மண்ணீரலிலும் நெடுநாள் தங்கக்கூடும். சிறுநீரகம் ஏறத்தாழ 6 நானோமீட்டருக்கும் குறைவான துகள்களையே எளிதாக வடிகட்டும். ஆகவே மிகச்சிறிய தங்கத் துகள்களைப் பலபடியால் திரளாக்கி, பலபடி சிதைந்தபின் அவை தனித்தனியே பிரியும்படி அமைக்கும் முறையை ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-ல் வெளியிட்டனர்.

சுமப்பி சிதைந்தபின், தங்கம் இருக்கும் இடத்தில்தான் மருந்தும் இருக்கும் என்று கொள்ள முடியாது. ஆகவே மருந்தின் இருப்பிடத்தைத் தனியாகச் சோதித்து உறுதிசெய்வது அவசியமாகும்.