அஸபிய்யா

அரபியில் 'அஸபிய்யா' என்றொரு சொல் உண்டு. கட்டுதல், இறுக்கிச் சுற்றுதல் என்ற பொருளுள்ள வேரில் பிறந்தது. தன் கூட்டத்தார் அநியாயம் செய்தாலும் அவர்கள் பக்கமே நிற்பதை நபிமொழிகள் இச்சொல்லால் கண்டிக்கின்றன. 14ஆம் நூற்றாண்டில் வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் அதே சொல்லை எடுத்து, இந்தப் பிணைப்பு இல்லாமல் எந்த அரசும் எழாது என்று வாதிட்டார். இரண்டும் மெய் என்பதற்குத் தூத்துக்குடிக் கரையே சாட்சி.

இங்கே முத்துக்குளித்தல் நடந்த காலத்தில், கடலில் இறங்கியவரின் உயிர் படகில் கயிறு பிடித்தவர் கையில் இருந்தது. அந்தக் கயிற்றை மச்சானிடம்தான் கொடுப்பார்கள் என்பது இங்கே வழிவழியாகச் சொல்லப்படுவது. தங்கை தாலியறுக்க எந்த அண்ணன் விடுவான்? உயிர்கள் ஏன் இரத்த உறவுக்காகத் தம்மை வருத்திக்கொள்கின்றன என்பதற்கு 1964இல் உயிரியலாளர் வில்லியம் ஹாமில்டன் கணக்குப் போட்டுக் காட்டினார். மச்சான் இரத்த உறவாக இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அவன் தங்கையின் பிள்ளைகள் இருவருக்கும் இரத்தம். எவ்வளவு நுட்பமான ஏற்பாடு!

இதே பிணைப்பு 1530களில் வேறு முகம் காட்டியது. முத்துச் சலாபத்தின் மீது யாருக்கு உரிமை என்று பரதவருக்கும் முஸ்லிம்களுக்கும் ஏற்கெனவே பகை. தூத்துக்குடியில் நடந்த ஒரு சச்சரவில் பரதவர் ஒருவரின் காது, காதணியோடு அறுபட்டதாகப் பழைய பாதிரிமார் குறிப்புகள் சொல்கின்றன. ஒருவர் காது இரு சமூகங்களின் மானமாயிற்று, இரத்தம் சிந்தியது. பரதவர் தரப்பினர் கொச்சிக்குப் போய்ப் போர்த்துகீசியரிடம் காவல் கேட்டார்கள். அந்தக் காவலுக்கு ஈடாக 1536-37இல் ஊர் ஊராக ஏறத்தாழ 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஆளுக்காள் யோசித்து எடுத்த முடிவல்ல. சாதி முழுவதும் சேர்ந்து எடுத்தது. அந்த ஒற்றுமைதான் அவர்களைக் காத்தது என்றே நான் நினைக்கிறேன்.

பகைக்குப் பழைய வழக்கு இருக்க வேண்டும் என்பதில்லை. சமூக உளவியலாளர் ஹென்றி டாஜ்ஃபெல் ஒரு சோதனையில் பிரிஸ்டல் பள்ளி மாணவர்களை, இரண்டு ஓவியர்களில் யாரைப் பிடிக்கிறது என்று கேட்டுப் பிரித்ததாகச் சொன்னார். உண்மையில் கண்ணை மூடிக்கொண்டு பிரித்ததுதான். 1970இல் வெளியான அதன் முடிவு திகைக்கவைத்தது: தம் குழுவுக்குக் கிடைப்பது குறைந்தாலும் சரி, எதிர்க்குழுவைவிட அதிகம் இருந்தால் போதும் என்று பலர் தேர்ந்தார்கள்.

தென்மாவட்டப் பள்ளிகளில் சாதிக்கொரு நிறமாகக் கைக்கயிறு கட்டிவரும் பிள்ளைகளை நினைத்தால் இந்தச் சோதனை அச்சம் தருகிறது. 2023இல் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரை உடன்படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, 2024இல் இக்கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னது. பள்ளி தடுப்பதற்கு முன், வீட்டிலேயே அவிழ்த்துவிடுங்கள்.