காட்டு வீடு: 'எப்படி'க்கு முன்னாடி 'எங்க'

பேரையூர்ல இருந்து மேற்கே சாப்டூர் பக்கம் போனா, கரிசல் மண் முடிஞ்சு மலை ஆரம்பிக்கும். அந்த மலைக்காடு 2021-ல அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. அந்த அடிவாரத்துல 'காட்டோட கலந்த மாதிரி ஒரு மாடர்ன் வீடு' கட்டணும்னு என்கிட்ட பேசற பலருக்கும் ஆசை. கையில வெச்சிருக்கறது ஒரு இன்ஸ்டாகிராம் படம்: தரையில இருந்து கூரை வரைக்கும் கண்ணாடி, சுத்தி ஒரே பச்சை.

சரி, கலக்கறதுன்னா என்ன?

எனக்குப் பிடிச்ச உதாரணம் இலங்கையில இருக்கு. ஜெஃப்ரி பாவாவும் உல்ரிக் பிளெஸ்னரும் 1960-கள்ல பொலொந்தலாவங்கிற இடத்துல ஒரு எஸ்டேட் பங்களா வடிவமைச்சாங்க. நம்ம ஊர் மாதிரியே வறண்ட பகுதி, பெரிய பெரிய பாறைகள். இவங்க பாறைய உடைக்கல. அதுங்களுக்கு நடுவுலயே வீட்டை அமைச்சாங்க. பாறைகளே வீட்டோட பகுதியா ஆயிடுச்சு.

அதே பாவா பின்னாடி தம்புள்ள பக்கத்துல காண்டலாம ஓட்டல் வடிவமைச்சாரு. முதல்ல யோசிச்ச இடம் சிகிரியா பாறைக்குப் பக்கத்துல. அது வேண்டாம்னு வேற இடம் கேட்டு வாங்கினாரு. 1994-ல திறந்த அந்தக் கட்டடத்தை இப்போ செடி கொடி மூடியிருக்கு. தூரத்துல இருந்து பார்த்தா குன்றோட ஒட்டிக்கிட்ட மாதிரி தெரியும். ஆனாலும் கட்டும்போது கடுமையான எதிர்ப்பு வந்துச்சு. கீழ இருக்கிற ஏரித் தண்ணி கெட்டுப்போகும்னு மக்கள் பயந்தாங்க. கண்ணுக்கு மறைஞ்சா மட்டும் போதாது, கழிவுநீர் எங்க போகுதுங்கிறதும் டிசைன்தான்.

இதை நம்ம அடிவாரத்துக்குக் கொண்டு வருவோம். வருஷத்துல பல மாசம் காய்ஞ்சு கிடக்கிற ஓடை, ஐப்பசி மழையில திரும்ப வரும். அதை மேடாக்கி வீடு கட்டாதீங்க. சுத்தி காம்பவுண்ட் சுவரோ மின்வேலியோ போட்டா, காலங்காலமா அந்த வழியா போற விலங்குக்குப் பாதை அடைபடும். பெரிய கண்ணாடியில வானமும் மரமும் தெரியும். பறவை வழின்னு நினைச்சு வந்து மோதும். மேற்கு வெயிலுக்கு அந்தக் கண்ணாடி வீட்டை அடுப்பாக்கிடும். அகலமான தாழ்வாரம், கனமான சுவர், சின்ன ஜன்னல்னு நம்ம பழைய வீடுகள்ல இருக்கறதுதான் இங்க நிக்கும். ராத்திரி வெளி விளக்க குறைச்சு, வெளிச்சம் கீழ மட்டும் விழுற மாதிரி வைங்க.

இடம் வாங்கறதுக்கு முன்னாடி வனத்துறையிலயும் நகர் ஊரமைப்பு அலுவலகத்துலயும் விசாரிங்க. மலைப்பகுதியைப் பாதுகாக்க அரசு வெச்சிருக்கிற ஹாகா பட்டியல்ல அந்தக் கிராமம் இருந்தா, கட்டடத்துக்குத் தனி அனுமதி வேணும்.

என் கருத்து இதுதான்: காட்டுக்கு மரியாதை குடுக்கணும்னு நினைச்சா, காட்டு ஓரத்தை விட்டுட்டு ஊரை ஒட்டிக் கட்டுங்க. மலை ஜன்னல்ல தெரிஞ்சா போதும்.