நூலகம் கேட்ட சிலை

சிலை என்றாலே சிலருக்குக் குதிரை வேண்டும், வாள் வேண்டும், கீழே ஒரு பிரபுவின் பெயர் வேண்டும். பாட்டாளிகள் வாழும் பகுதியிலே, சின்னஞ்சிறு நூலகத்துக்கு ஒரு சிலையா? பணத்துக்கு எங்கே போவது? இப்படிக் கேட்போருக்கு, நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியைச் சுட்டிக் காட்டுவோம்.

கறுப்பின மக்கள் நிறைந்து வாழ்ந்த இடம் அது. 135-ஆம் தெருவிலே அவர்களுக்கொரு கிளை நூலகம். 1921-இல் அந்நகருக்குக் கலை பயில வந்தார் அகஸ்டா சாவேஜ் எனும் பெண்மணி. களிமண்ணில் பொம்மை பிடித்ததற்காகப் பாதிரியாரான தந்தையிடம் அடிபட்டு வளர்ந்தவர். குடும்பத்தைக் காக்கச் சலவைக் கூடத்திலும் உழைத்தவர்.

1923-இல் பிரான்சு நாட்டுக் கோடைக் கலைப் பள்ளிக்கு மனுச் செய்தார். அவர் கறுப்பினத்தவர் என்று தெரிந்ததும், அமெரிக்கத் தேர்வுக் குழு இடமில்லை என்றது. திறமை போதாதென்றா? அல்ல, தோழர்களே! வெள்ளை மாணவியர் அவருடன் பயணம் செய்யக் கூசுவார்களாம்! கலைக்குத் தோல் பார்த்த கனவான்கள்!

அந்த ஆண்டுகளில்தான் ஹார்லெம் நூலகத்தார் அவரை நாடினர். கேட்டது எவருடைய சிலையை? கறுப்பின மக்களின் உரிமைக்காக எழுதியும் பேசியும் போராடிய அறிஞர் டு பாய்ஸ் அவர்களின் மார்பளவுச் சிலையை! மக்கள் படிக்க வரும் இடத்தில் அம்மக்களுக்காகப் பேசியவரின் முகம். செய்தவரும் அவர்களில் ஒருவர். சிற்பியின் பெயர் பரவிற்று. மார்க்கஸ் கார்வியின் உருவத்தையும் வடித்தார். பின்னாளில் ஹார்லெம் பிள்ளைகளுக்குச் சிற்பமும் கற்றுக் கொடுத்தார்.

பெரிய இடமும் அவரை அழைத்தது. 1939-ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சிக்கு 16 அடி உயரச் சிலை ஒன்று செய்தார். யாழ் வடிவம், நரம்புகளுக்குப் பதிலாக, உயரம் படிப்படியாகக் குறைய, பாடி நிற்கும் பன்னிரண்டு கறுப்பினப் பாடகர்கள். கூட்டம் வியந்தது. சிறிய உலோக நகல்கள் விற்பனையாயின. ஆனால் மூலச் சிலை கருங்கல் போலத் தோன்ற வண்ணம் பூசிய வெறும் சாந்து! வெண்கலத்தில் வார்க்கப் பணமில்லை; கொண்டு போய் வைக்க இடமில்லை. கண்காட்சி முடிந்ததும் உடைத்தே எறிந்தார்கள். கோடி கோடியாகக் கொட்டிய விழாவுக்கு ஒரு சிலையைக் காக்க வக்கில்லை!

அதற்குப் பத்தாண்டு முன்பு, 1929-இல், ஹார்லெம் தெருச் சிறுவன் ஒருவனைச் சாய்ந்த தொப்பியோடு மார்பளவில் வடித்திருந்தார். மனு மறுக்கப்பட்ட அதே பிரான்சு நாட்டுக்கு உதவித்தொகையோடு அவரை அனுப்பி வைத்தவன் இந்தச் சிறுவன்தான். 135-ஆம் தெரு நூலகத்தின் வழிவந்த ஷாம்பர்க் ஆய்வு மையத்தில் அவனுடைய வார்ப்பு ஒன்று இன்றும் இருக்கிறது.