மழையும் வறட்சியும்

கடவுள் வாழ்த்துக்கு அடுத்து வான்சிறப்பை வைத்தார் திருவள்ளுவர். அத்தகைய மழை இன்று முறை தவறுவது ஏன் என அன்பர்கள் பலரும் கேட்கின்றனர்.

கடல்நீர் ஆவியாகி, மேகமாகி, மழையாகப் பெய்து, ஆறாக ஓடி மீண்டும் கடலைச் சேர்கிறது. இதுவே நீர்ச்சுழற்சி. நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் பெருகும் கரியமில வாயு பூமியின் வெப்பத்தைக் கூட்டுகிறது. காற்று 1 டிகிரி செல்சியஸ் சூடேறினால், ஏறக்குறைய 7 விழுக்காடு கூடுதலான நீராவியைத் தாங்கும். ஆகவே, மழையில்லா நாள்களில் மண்ணின் ஈரம் விரைவில் வற்றுகிறது. மழை வந்தாலோ கொட்டித் தீர்க்கிறது. வறட்சியும் வெள்ளமும் ஒரே காரணத்தின் இரு விளைவுகள்.

இவ்விரண்டையும் நாம் கண்டிருக்கிறோம். 1869 முதலான சிங்கப்பூர்ப் பதிவுகளில் மிக வறண்ட மாதம் 2014 பிப்ரவரி. ஜொகூர் ஆற்றில் உப்புநீர் ஏறாமல் காக்கும் லிங்கியூ நீர்த்தேக்கம், 2016 அக்டோபரில் 20 விழுக்காட்டுக்கு இறங்கியது. 2025 ஜனவரி 10, 11 தேதிகளிலோ, இரண்டே நாளில் சாங்கியில் ஒரு மாத மழைக்கும் மேல் பெய்தது. ஒவ்வொரு நிகழ்வுக்கும் வெப்பம் மட்டுமே காரணம் என்று கூற முடியாது. ஆனால் உலகம் சூடேறச் சூடேற, இத்தகைய ஏற்ற இறக்கங்கள் கடுமையாகும் என்பது அறிவியலார் முடிவு.

ஒரே நாளில் கொட்டும் மழை முழுவதையும் தேக்கிவைக்க இயலாது. தேக்கியதைச் சிக்கனமாகச் செலவிடலாம். கால் கழுவும் இடத்திலும் அன்னதானக் கூடத்திலும் குழாயை மறவாமல் மூடுவோம். அதுவும் ஆலயத் திருப்பணியே.