சும்மா இருக்குற பெட்டிக்கு மாசம் எவ்வளவு சாப்பாடு? இன்டெல் என்100 Vs பழைய ஜியான்: கரன்ட் பில் கணக்கு

பெருங்குடியில் மூணு பேர் சேர்ந்து வாடகைக்கு இருக்கும் வீடு. அதில் ஒருத்தன் என் சித்தி பையன். ஐடி-யில் மூணாவது வருஷம், சப்போர்ட் டீம். அங்கிருந்து டெவ்ஆப்ஸ் பக்கம் மாறணும்னு ஆசை. அதுக்கு வீட்டிலேயே ஒரு லேப் இருந்தா நல்லதுன்னு பழைய ஜியான் மெஷின் ஒன்றை 16,000 ரூபாய்க்கு வாங்கிட்டு வந்தான். இரண்டு மாசம் கழிச்சு ஹவுஸ் ஓனர் சப் மீட்டரைப் பார்த்துட்டு, "புதுசா ஏசி மாட்டியிருக்கீங்களாப்பா?"ன்னு கேட்டிருக்கார். ரூம்மேட்ஸ் ரெண்டு பேரும் மெதுவா இவன் பக்கம் திரும்பியிருக்காங்க.

அன்னைக்கு ராத்திரி எனக்கு போன். "அண்ணா, அது பாதி நேரம் சும்மாதான்ணா இருக்கு. சும்மா இருக்குறதுக்கு இவ்ளோ யூனிட்டா?"

சரியான கேள்வி. இந்தக் கட்டுரை முழுக்க அந்த "சும்மா"வைப் பற்றித்தான்.

முதலில் அவன் ஏன் அதை வாங்கினான்னு பார்க்கணும், ஏன்னா காகிதத்தில் பார்த்தா அது முட்டாள்தனமே இல்லை. ஜியான் இ5-2680 வி4. 2016-ல் வந்த சர்வர் பிராசஸர். 14 கோர், 28 திரெட், 35 எம்பி கேஷ். புதுசா வந்தப்போ பிராசஸர் மட்டுமே 1,700 டாலருக்கு மேல். பெரிய கம்பெனிகள் டேட்டா சென்டரில் சர்வர்களை மாற்றும்போது இந்த மாதிரி சில்லுகள் மூட்டை மூட்டையாக வெளியே வரும். அதனால்தான் ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் ஆன்லைனிலும் அடிமாட்டு விலைக்குக் கிடைக்குது. அதற்குப் போடும் சர்வர் ரேமும் அப்படித்தான். சாதாரண டெஸ்க்டாப்பில் அந்த ரேம் வேலை செய்யாது, அதனால் செகண்ட் ஹேண்டில் வாங்க ஆள் குறைவு.

இன்னொரு பக்கம் இன்டெல் என்100. 2023 ஜனவரியில் வந்தது. 4 கோர், 4 திரெட், அவ்வளவுதான். உள்ளங்கை அளவு மினி பிசி-களில் வரும். விலையும் கிட்டத்தட்ட அதே ரேஞ்ச். அதே 16,000-க்கு 14 கோரா, 4 கோரா? இருபத்தஞ்சு வயசுல யாரா இருந்தாலும் 14-ஐத்தான் தூக்குவாங்க. நானும் தூக்கியிருப்பேன்.

அடுத்த சனிக்கிழமை பிளக்கில் மாட்டும் வாட் மீட்டரையும் என்கிட்ட இருக்கும் என்100 பெட்டியையும் எடுத்துட்டு அவன் வீட்டுக்குப் போனேன். நியாயமா இருக்கணும்னு அதே இரண்டு ஹார்ட் டிஸ்க்கை இரண்டு மெஷினிலும் மாத்தி மாத்தி மாட்டிப் பார்த்தோம்.

ஒண்ணுமே ஓடாமல், ஆன் ஆகி சும்மா நிற்கும்போது ஜியான் எடுத்தது 92 வாட். என்100 எடுத்தது 20 வாட், அதில் பாதி ஹார்ட் டிஸ்க்குக்கே போகுது. முழு வேகத்தில் ஓட விட்டப்போ ஜியான் 210-க்குப் போச்சு. என்100 டிஸ்க் இல்லாமல் 24-லேயே நின்னுடுச்சு.

கணக்கைப் போடுங்க. 1,000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ஒரே ஒரு வாட், வருஷம் முழுக்க 24 மணி நேரமும் ஓடினால் 8.76 யூனிட். அவன் ஓனர் யூனிட்டுக்கு ஃபிளாட்டா 10 ரூபாய் வாங்குறார். ஆக, அந்த வீட்டில் ஒரு வாட்டின் வருஷ வாடகை சுமார் 88 ரூபாய். எந்த மெஷினைப் பார்த்தாலும் இனிமே இந்த ஒரு நம்பரை வெச்சே பெருக்கிப் பார்க்கலாம். ரவுட்டர், செட் டாப் பாக்ஸ், மீன் தொட்டி மோட்டார், எல்லாத்துக்கும் இது செல்லும்.

92 வாட் என்றால் வருஷத்துக்கு 806 யூனிட், 8,060 ரூபாய். 20 வாட் என்றால் 175 யூனிட், 1,750 ரூபாய். வித்தியாசம் 6,310 ரூபாய். இரண்டரை வருஷத்தில் அவன் ஜியான் வாங்கிய முழுப் பணமும் இன்னொரு தடவை மீட்டர் வழியா போயிருக்கும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு பாட்டி சொல்றது இதைத்தான்.

இங்கே ஒரு குழப்பம் எல்லாருக்கும் வரும். பெட்டியில் டிடிபி-ன்னு ஒரு நம்பர் போட்டிருப்பாங்க. ஜியானுக்கு 120 வாட், என்100-க்கு 6 வாட். பலர் அதை மைலேஜ் மாதிரி எடுத்துக்குறாங்க. அது மைலேஜ் இல்லை. எல்லா கோரும் அடிப்படை வேகத்தில் கடுமையா உழைக்கும்போது எவ்வளவு சூட்டை வெளியேற்றணும்னு கூலர் செய்றவங்களுக்குச் சொல்லும் நம்பர். சும்மா இருக்கும்போது எவ்வளவு எடுக்கும்னு அது சொல்லாது. 6 வாட்னு போட்ட என்100 பெட்டியே முழு வேகத்தில் 24 எடுத்ததைப் பார்த்தீங்கல்ல? மினி பிசி கம்பெனிகள் பயாஸில் லிமிட்டைக் கொஞ்சம் தளர்த்தி விடுவாங்க.

அப்போ ஜியான் சும்மா இருக்கும்போது 92 வாட் எங்கே போகுது? பிராசஸர் மட்டும் காரணம் இல்லை, சுத்தி இருக்கும் குடும்பமே காரணம். நாலு சேனலில் நாலு ரேம் குச்சி, ஒவ்வொண்ணும் சில வாட். சர்வர் போர்டின் சிப்செட் தனி. இந்தச் சில்லுக்குள் கிராபிக்ஸ் கிடையாது, அதனால் திரையில் ஏதாவது தெரியணும்னா ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டே ஆகணும், அதுவும் சும்மா உட்கார்ந்து சாப்பிடும். பெரிய பவர் சப்ளை குறைந்த லோடில் ஓடும்போது வீணடிப்பதும் அதிகம். மூணு நாலு ஃபேன் வேற. டேட்டா சென்டரில் இதெல்லாம் குறையே இல்லை. அங்கே அது ராத்திரி பகல் உழைக்கும், சும்மா இருக்குறதுக்காக யாரும் சர்வர் வாங்க மாட்டாங்க. நம்ம வீட்டில்தான் அது ஒரு நாளில் 22 மணி நேரம் ஈ ஓட்டுது.

சொந்த மீட்டர் உள்ளவங்களுக்கு ஒரு விஷயம் சொல்லணும், இது நம்ம டாக்ஸ் ஸ்லாப் வீடியோ பார்த்தவங்களுக்கு உடனே புரியும். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை கணக்கு, முதல் 100 யூனிட் இலவசம், மேலே போகப் போக ரேட் ஏறும். புதுசா ஒரு மெஷின் மாட்டினால் அதன் யூனிட்டெல்லாம் உங்க பில்லின் உச்சியில்தான் போய் உட்காரும். அதனால் பில் தொகையை யூனிட்டால் வகுத்து வரும் சராசரி ரேட்டைப் போடாதீங்க, கடைசி ஸ்லாப் ரேட்டைப் போடுங்க. இன்னும் ஒண்ணு. இரண்டு மாசத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால், கீழ் ஸ்லாபில் கிடைத்த மலிவு ரேட்டும் போயிடும். இன்கம் டாக்ஸில் ஸ்லாப் மாறினா மேலே உள்ள பணத்துக்குத்தான் அதிக வரி, கீழே உள்ளது மாறாது. இங்கே கீழேயும் கை வைக்கும். அவன் ஜியான் 60 நாளில் 132 யூனிட் எடுத்தது. 400 யூனிட்டில் இருக்கும் வீட்டில் அதை மாட்டினால் நேரா 500-க்கு அந்தப் பக்கம் தூக்கிப் போட்டுடும்.

சரி, ஜியான் குப்பையா? இல்லவே இல்லை. இங்கேதான் நிறைய பேர் "என்100 வாங்குங்க, முடிஞ்சுது"ன்னு வீடியோவை முடிச்சிடுறாங்க.

தனி கோர் வேகத்தில் இரண்டும் கிட்டத்தட்ட சமம். ஏழு வருஷ இடைவெளியில் வந்த சின்னச் சில்லு, அந்தக் கால ராஜாவை ஒத்தைக்கு ஒத்தையில் சமாளிக்குது. ஆனா எல்லா கோரும் சேர்ந்தால் ஜியான் சுமார் மூணு மடங்கு வேலை பார்க்கும். என்100-க்கு இன்டெல் சொல்லும் ரேம் உச்சம் 16 ஜிபி, ஒரே சேனல். சித்தி பையன் பெட்டியில் 64 ஜிபி இருக்கு, இன்னும் ஏத்தலாம். குபர்னெட்டிஸ் பழக ஆறு விர்ச்சுவல் மெஷின், ஒவ்வொண்ணுக்கும் 8 ஜிபி-ன்னு வெச்சாலே 48 ஜிபி ஆச்சு. என்100 அங்கே மூச்சு வாங்கும். கிராபிக்ஸ் கார்டு இரண்டு மாட்டி ஏஐ மாடல் ஓட்டிப் பார்க்கணும்னாலும் அப்படித்தான். ஜியானில் 40 பிசிஐஇ லேன், என்100-ல் 9.

வீடியோ விஷயத்தில் மட்டும் கதை தலைகீழ். என்100-க்குள் இருக்கும் கிராபிக்ஸ், வீடியோவை மாற்றுவதற்கென்றே தனி சர்க்யூட் வெச்சிருக்கு. ஊரில் இருக்கும் அப்பா போனில் வீட்டு வீடியோ பார்க்கணும்னு 4கே ஃபைலைச் சின்னதாக்கி அனுப்பும்போது அது அலட்டிக்கவே அலட்டாது. ஜியான் அதே வேலைக்கு 14 கோரையும் எழுப்பி ஃபேனைச் சுத்த விடும். விண்டோஸ் போடுறவங்களுக்கு இன்னொரு தலைவலி: விண்டோஸ் 11-ன் அதிகாரப்பூர்வ பட்டியலில் இந்த ஜியான் கிடையாது, விண்டோஸ் 10-க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுடுச்சு. லினக்ஸ் போட்டால் பிரச்சினை இல்லை.

சூட்டையும் சேர்த்துக்கணும். மெஷின் எடுக்கும் 92 வாட்டும் கடைசியில் அறைக்குள் சூடாத்தான் வெளியே வருது. மே மாசம் சென்னையில் மூடிய பெட்ரூமில் அது ஓடினால், அந்தச் சூட்டை வெளியேற்ற ஏசி கொஞ்சம் கூட உழைக்கணும். அதை நான் கணக்கில் சேர்க்கலை. கரன்ட் போனால் சின்ன யுபிஎஸ் ஜியானை எவ்வளவு நேரம் தாங்கும், 20 வாட் பெட்டியை எவ்வளவு நேரம் தாங்கும்னும் யோசிச்சுப் பாருங்க.

அவன்கிட்ட நான் கேட்டது ஒரே கேள்வி. "இதில் எதெல்லாம் ராத்திரி ரெண்டு மணிக்கும் ஓடியே ஆகணும்?" எண்ணிப் பார்த்தான். மூணு பேர் போன் போட்டோ பேக்கப், விளம்பரத்தைத் தடுக்கும் டிஎன்எஸ். அவ்வளவுதான். குபர்னெட்டிஸ் பழகுறது? வார நாளில் ராத்திரி ஒரு மணி நேரம், சனி ஞாயிறு கொஞ்சம். வாரத்துக்கு 10 மணி நேரம்னு தாராளமாவே போட்டோம். அந்த நேரத்தில் சராசரி 140 வாட் எடுத்தாலும் வருஷத்துக்கு 73 யூனிட், 730 ரூபாய்.

அதே மெஷின்தான். 24 மணி நேரமும் ஓடினா 8,060, தேவைப்படும்போது மட்டும் ஓடினா 730.

அதனால் புதுசா எதையும் வாங்காதேன்னு சொன்னேன். "என்100 வாங்கிடவாண்ணா?"ன்னுதான் கேட்டான், பசங்களுக்கு எப்பவும் தீர்வு ஒரு ஷாப்பிங்தான். 14,000 ரூபாய்க்கு என்100 வாங்கி, ஜியானைத் தேவைக்கு மட்டும் போட்டால், வருஷத்துக்கு மிச்சம் 5,580. போட்ட 14,000 திரும்பி வர இரண்டரை வருஷம். மோசமில்லை, ஆனா அவசரமும் இல்லை. கிளவுட் சந்தாவுக்கு வருஷத்துக்கு எவ்வளவு ஆகும்னும் பக்கத்தில் எழுதிப் பார்க்கணும். அவன் கட்டிலுக்கு அடியில் ஸ்கிரீன் உடைஞ்ச பழைய லேப்டாப் ஒண்ணு தூசி படிஞ்சு கிடந்தது. சும்மா இருக்கும்போது அது 11 வாட். பேட்டரி உப்பியிருக்கான்னு பார்த்துட்டு, இல்லைன்னு தெரிஞ்ச பிறகு போட்டோ பேக்கப்பை அதுக்கு மாத்தினோம்.

இனிமேதான் வாங்கப் போறீங்கன்னா, நடுவில் ஒரு வழி இருக்கு. ஆபீஸ்களில் இருந்து கழித்து விடும் மினி டெஸ்க்டாப், கோர் ஐ5-8500டி மாதிரி. 2018 சில்லு, 6 கோர், 35 வாட் டிடிபி, இரண்டு ரேம் ஸ்லாட், 32 ஜிபி தாராளமா போடலாம், விண்டோஸ் 11 பட்டியலிலும் உண்டு. பழகுறதுக்கும் போதும், 24 மணி நேரமும் ஓட விட்டாலும் பயமில்லை. ஆனா அந்த "டி" என்ற எழுத்துக்காகத் தனியா காசு கொடுக்காதீங்க. டி இல்லாத 8500-ம் சும்மா இருக்கும்போது கிட்டத்தட்ட அதே அளவுதான் எடுக்கும். டி என்பது உச்ச வேகத்தில் போடும் கடிவாளம் மட்டும்தான்.

செகண்ட் ஹேண்ட் எதுவா இருந்தாலும், கடையிலேயே வாட் மீட்டரில் மாட்டிக் காட்டச் சொல்லுங்க. ஆன் பண்ணி பத்து நிமிஷம் எதையும் தொடாமல் விட்டுட்டு வரும் நம்பர்தான் வேணும். காட்ட மாட்டேன்னா அடுத்த கடைக்குப் போங்க.

சித்தி பையன் ஜியான் இப்போ அவன் படிக்க உட்காரும்போது மட்டும் எழுந்திருக்குது, போனிலிருந்தே எழுப்புறான். முதல் பில்லில் அது எடுத்த 132 யூனிட்டுக்கு 1,320 ரூபாய், மூணு பேரும் சமமா பிரிச்சுக் கட்டியிருந்தாங்க. ரூம்மேட்ஸ் ரெண்டு பேருக்கும் தலா 440 ரூபாயை ஜிபே-யில் திருப்பி அனுப்பிட்டான். ஒருத்தர் வாங்கிக்கிட்டார். இன்னொருத்தர், "போட்டோ பேக்கப் எனக்கும்தானே ஓடுது"ன்னு 40 ரூபாயைத் திருப்பி அனுப்பியிருக்கார்.