வென்றவருக்கு ஒரு பாட்டில் பால்

மே மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் வீட்டுக்கு வீடு அடுப்பு புகையும். ‘இண்டி 500’ கார் பந்தய நாள் அது. உள்ளூர்த் தொலைக்காட்சியில் நெடுங்காலம் நேரலைக்குத் தடை இருந்ததால், ரேடியோ வர்ணனையைக் கேட்டபடி கொல்லைப்புறத்தில் விருந்து வைப்பது ஊர்ப் பழக்கமாகிவிட்டது. அந்த விருந்தில் பாலுக்குத் தனி மரியாதை.

1936-ல் மூன்றாம் முறையாக வென்ற லூயி மேயர், வெக்கைக்கு இதமென்று தாயார் பழக்கியிருந்த மோரைப் பாட்டிலோடு குடித்தார். பத்திரிகையில் அந்தப் படத்தைப் பார்த்த பால் தொழில்காரர் ஒருவர், இனி வெல்பவருக்கெல்லாம் பால் கிடைக்க ஏற்பாடு செய்தார். இடையில் சில ஆண்டுகள் விட்டுப்போனாலும் 1956 முதல் வழக்கம் தொடர்கிறது. 1993-ல் வென்ற எமர்சன் ஃபிட்டிபால்டி, சொந்தமாக ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்தவர். பாலுக்கு முன் ஆரஞ்சுச் சாற்றைக் குடித்து ரசிகர்களின் வசவை வாங்கிக்கட்டிக்கொண்டார்.

மேயரின் தாயார் சொன்னதில் அறிவியல் உண்டு. 200 சுற்று, 500 மைல், ஏறக்குறைய மூன்று மணி நேரம். தீத்தடுப்பு அங்கிக்குள் ஓட்டுநர் வெந்து வியர்க்கிறார். நீரோடு உப்பும் போகிறது. அப்போது வெறும் தண்ணீரை மடமடவென்று குடித்தால், அதில் கணிசமான பங்கு சீக்கிரமே சிறுநீராகிவிடும். பாலிலும் சுமார் 87 சதவீதம் தண்ணீர்தான். ஆனால் அதிலுள்ள புரதமும் லாக்டோஸ் சர்க்கரையும் இரைப்பை மெதுவாகக் காலியாகும்படி செய்கின்றன. சோடியமும் பொட்டாசியமும் நீரை உடலில் தங்கவைக்கின்றன.

சோபாவில் சாய்ந்து பார்ப்பவருக்கு வியர்வைக் கவலை இல்லை, விருந்தின் காரம்தான் கவலை. மிளகாயின் காப்சைசின் தண்ணீரில் கரையாது. பாலின் கேசீன் புரதம் அதைப் பற்றி நாக்கிலிருந்து கழுவிச் செல்லும்.

இண்டியானாவின் பேர்போன பன்றி இறைச்சி சாண்ட்விச்சிலும் மோருக்கு வேலை உண்டு. இறைச்சித் துண்டைச் சுத்தியால் தட்டிச் சப்பையாக்கி, மோரில் ஊறவைத்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரிக்கிறார்கள். பன்னுக்கு அடங்காமல் நாலாபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும். சுத்தியடியில் தசைநார்கள் அறுபடுகின்றன. மோரின் லாக்டிக் அமிலம் புரதத்தைத் தளர்த்துகிறது. துண்டு மெல்லியதாக இருப்பதால் மேற்பரப்பு கருகுவதற்குள் உள்ளே வெந்துவிடும்.

பந்தயம் மூன்று மணி நேரம். சமைத்த உணவோ பாலோ ஃப்ரிட்ஜுக்கு வெளியே இருக்கலாவது இரண்டு மணி நேரம்தான். 4 முதல் 60 டிகிரி செல்சியஸுக்குள் பாக்டீரியாக்கள் விறுவிறுவெனப் பெருகும். ஆகவே எல்லாவற்றையும் பச்சைக்கொடி அசைந்ததுமே மேசையில் பரப்பாமல், பாதியைப் பொரித்துப் பரிமாறிவிட்டு, மீதியை நூறாவது சுற்றுக்குப் பிறகு எண்ணெயில் போடுங்கள். பால் பாட்டிலுக்கு ஃப்ரிட்ஜைத் திறக்க 190-வது சுற்று போதும்.